ஹயாத்துல் ஹயவான் தந்த இமாம் தமீரி (ரஹ்)

இறால் உண்ணலாமா என்னும் கேள்வி நம் வீடுகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு இதில் சிக்கல் ஏதுமில்லை. ஹனஃபீ மத்ஹபிலோ கடல்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும் என்பதால், இறால் மீனா அன்றா என்பது தெரிந்தாக வேண்டும். சென்ற நூற்றாண்டில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் அது ஆகும் என்று ஃபத்வா அளித்தபோது, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் எழுதப்பட்ட ஒரு நூலை ஆதாரமாகக் காட்டினார்கள். சிவப்பு நிறமுடைய மிகச் சிறிய மீன் என்று அந்நூல் இறாலுக்கு விளக்கம் தருகிறது. நூலின் பெயர் ஹயாத்துல் ஹயவான், அதாவது பிராணிகளின் வாழ்வு. அதை இயற்றியவர்கள் இமாம் கமாலுத்தீன் முஹம்மத் இப்னு மூஸா அத்தமீரி (ரஹ்) அவர்கள்.

அன்னார் ஹிஜ்ரி 742-ன் தொடக்கத்தில் (கி.பி. 1341) கெய்ரோவில் பிறந்தார்கள். தமீரா என்பது நைல் நதியின் கழிமுகப் பகுதியிலுள்ள ஓர் ஊர். அவ்வூரின் பெயராலேயே தமீரி என வழங்கப்பட்டார்கள். இளமையில் அவர்களுடைய பிழைப்பு தையல் தொழில். துணி வெட்டி ஊசி கோத்து வயிறு கழுவிய வாலிபர், பிறகு இல்மின் பக்கம் திரும்பினார்கள். கிடைத்த ஆசிரியர்களோ சாமானியர்கள் அல்லர். பஹாவுத்தீன் சுப்கி, ஜமாலுத்தீன் அஸ்னவி ஆகிய இருவரிடமும் ஃபிக்ஹு பயின்றார்கள். அரபி இலக்கணம் கற்பித்தவர் இப்னு அகீல். அல்ஃபிய்யாவுக்கு அவர் எழுதிய விரிவுரையை நம் மத்ரஸா மாணவர்கள் இன்றளவும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரித்திர ஆசிரியர் ஸகாவி ஒரு சுவையான செய்தி எழுதியிருக்கிறார். இமாம் அவர்கள் சிறு வயதில் பெருந்தீனிக்காரராம்! அப்படிப்பட்டவர்கள் பிற்காலத்தில் இடைவிடாது நோன்பு நோற்கும் நிலைக்கு வந்தார்கள். பன்முறை ஹஜ்ஜுச் செய்தார்கள். மக்காவில் தங்கிப் பாடம் நடத்தி, ஃபத்வா வழங்கி, அங்கேயே மணமும் முடித்தார்கள். கெய்ரோவில் அல்அஸ்ஹரிலும் வேறிடங்களிலும் பாடம் நடத்தினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுக்கு அந்நஜ்முல் வஹ்ஹாஜ் என்ற விரிவுரையும் எழுதினார்கள். ஆயினும் உலகம் அவர்களை அறிந்தது பிராணிகளின் நூலால்தான்.

ஒரு ஃபகீஹு எதற்காகப் பிராணிகளைப் பற்றி எழுத வேண்டும்? காரணத்தை அவர்களே முன்னுரையில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பாடத்தின்போது மாலிகுல் ஹஸீன் என்னும் பறவையின் பெயரும், தீக் என்னும் விலங்கின் பெயரும் பேச்சில் வந்தன. முன்னது நாரை, பின்னது ஆண் கழுதைப்புலி. சபையில் இருந்தோருக்கு இவை இன்னவை என்று விளங்கவில்லை. வாக்குவாதம் முற்றிக் குழப்பமாகிவிட்டது. பிராணி எதுவென்றே தெரியாமல் அது ஹலாலா ஹராமா என்று எப்படிச் சொல்வது? இந்தக் கவலையில் பிறந்ததுதான் இப்பெருநூல். 560 நூல்களையும் 199 கவிஞர்களின் திவான்களையும் துருவி எழுதி, ஹிஜ்ரி 773-ல் (கி.பி. 1372) முடித்தார்கள். அப்போது வயது முப்பத்தொன்றுதான்.

அகர வரிசையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகள். கண்ணியத்தை முன்னிட்டுச் சிங்கத்தில் தொடங்குகிறார்கள். பெயர், இயல்பு, ஹதீஸில் வந்துள்ள செய்தி, உண்பது பற்றிய சட்டம், பழமொழி, மருந்துக் குணம், கனவில் கண்டால் பலன் என்று பேச்சு விரியும். சில இடங்களில் விரிவுக்கு எல்லையே இருக்காது. வாத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள், அலீ (ரலி) அவர்கள் வெட்டுண்ட அதிகாலையில் வாத்துகள் கத்திய செய்தியைத் தொட்டு, அங்கிருந்து கலீஃபாக்களின் வரலாறு முழுவதையும் பாடிவிடுகிறார்கள். வாத்தோ எங்கோ பின்னால் நிற்கிறது!

அவர்களுடைய வேலை எத்தகையது என்பதற்கு ஒட்டகச்சிவிங்கி நல்ல சான்று. கெய்ரோவாசிகள் அதைக் கேள்வியால் மட்டும் அறிந்தவர்கள் அல்லர். தெற்கேயுள்ள நூபியாவிலிருந்து சுல்தான்களுக்குக் காணிக்கையாக வந்துகொண்டிருந்தது. 1404-ல் மிஸ்ரின் தூதர்கள் ஒன்றைத் தைமூருக்குப் பரிசாக ஓட்டிச் சென்றதை ஸ்பெயின் நாட்டுத் தூதர் கிளாவிகோ வழியில் கண்டு எழுதியிருக்கிறார். பாரசீகர் இதை உஷ்துர்காவ்பலங் என்பார்கள்: ஒட்டகம், மாடு, சிறுத்தை மூன்றும் சேர்ந்த பெயர். நம் தமிழும் ஒட்டகத்தையும் சிவிங்கியையும் ஒட்டித்தானே பெயர் வைத்திருக்கிறது. பெயர் அப்படி இருக்கவே, பல இனங்கள் கூடிப் பிறந்த கலப்புப் பிராணி இது என்று பலர் நம்பினார்கள். அந்நம்பிக்கையை எடுத்தெழுதிய தமீரி (ரஹ்) அவர்கள், அது அறியாமை, குதிரையைப் போலக் கழுதையைப் போல இதுவும் தனி இனமே என்று ஜாஹிள் மறுத்ததையும் சேர்த்தே எழுதினார்கள். உண்பதில் இரு கருத்துகளையும் பதிந்தார்கள்: இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹராம் என்றார்கள், தம் ஆசிரியரின் தந்தையார் தகிய்யுத்தீன் சுப்கி (ரஹ்) அவர்கள் ஹலால் என்பதைத் தேர்ந்தார்கள். இன்று நாம் அறிவது, ஒட்டகச்சிவிங்கி பிளவுபட்ட குளம்புடையது, அசை போடுவது, இலை தழை தின்பது, பதினெட்டு அடி வரை உயர்வது. அத்தனை நீளக் கழுத்திலும் மனிதனுக்கு உள்ளதுபோல் ஏழே எலும்புகள்!

எல்லா இடத்திலும் இந்த நிதானம் இருக்கிறதென்று சொல்வதற்கில்லை. எறும்பு தான் சேமிக்கும் தானியம் முளைத்துவிடாதிருக்க இரண்டாகப் பிளக்கும், கொத்துமல்லியை மட்டும் நான்காகப் பிளக்கும் என்று எழுதியுள்ளார்கள். முன்னோர் எழுதியதை எடுத்தெழுதியதுதான். இதுவே இன்று கைப்பேசிகளில் விஞ்ஞானத்தின் புதிய கண்டுபிடிப்பு என்று உலா வருகிறது. அனுப்புவோர் இதன் வயதை அறியார். தானியம் சேர்க்கும் எறும்புகள் முளைவிடும் விதையின் முளையைக் கடித்தெறிவதை ஆராய்ந்தோர் கண்டு எழுதியிருக்கிறார்கள். அதுவே வியக்கப் போதுமானது. கொத்துமல்லிக் கணக்கைத் தீனின் பெயரால் பரப்புவது தேவையற்ற வேலை. மருந்துக் குணங்கள் என்று வரும் பகுதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்: இன்ன பிராணியின் பித்தம், இன்னதன் கொழுப்பு என்று வருபவற்றை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். அவை அக்காலத்து ஏடுகளின் தொகுப்பு. மார்க்கச் சட்டமன்று, மருத்துவமுமன்று.

உஸ்மானியர் காலத்து நூலாய்வாளர் ஹாஜி கலீஃபா இந்நூலில் கொழுத்ததும் மெலிந்ததும் கலந்திருக்கின்றன என்றார். ஆசிரியர் ஃபகீஹு, ஜாஹிளைப் போல் இத்துறையில் தோய்ந்தவர் அல்லர், பெயர்களைச் சரிபார்த்து விளக்குவதே அவர் நோக்கம் என்பதும் அவர் கருத்து. நியாயமான தீர்ப்பு. இறால் விஷயத்தையே பாருங்கள். முதுகெலும்பில்லாத இறாலை உயிரியலார் மீனாகக் கொள்வதில்லை. அதை வைத்து மறுக்கும் ஆலிம்களும் உண்டு. மொழியிலும் வழக்கிலும் மக்கள் மீன் என்று சொல்வதே அளவுகோல் என்போர் தமீரி (ரஹ்) அவர்களைக் காட்டுகிறார்கள். ஷாஃபிஈயான அவர்களுக்கோ அச்சொல்லைப் பொறுத்து எந்தச் சட்டமும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. வழக்கில் உள்ளதை எழுதினார்கள், அவ்வளவே.

ஹிஜ்ரி 808 ஜமாதுல் அவ்வலில் (கி.பி. 1405) கெய்ரோவில் காலமானார்கள். ஸயீதுஸ் ஸுஅதா கான்காஹைச் சேர்ந்த ஸூஃபியாக்களின் மையவாடியில் அடக்கமானார்கள்.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, மஸ்கத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஜயகர் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். 1906-லும் 1908-லும் லண்டன், பம்பாய்ப் பதிப்பாக இரு பகுதிகள் வந்தன, நூல் முற்றுப்பெறவில்லை. ஓமான் மலைகளில் வாழும் ஒருவகைக் காட்டாட்டுக்கு உயிரியலார் அந்த மருத்துவரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.