ஒரே மோட்டார் சைக்கிளை 57 ஆண்டு கைவிடாத மெக்கானிக்

1962-ம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பானவில் உப்பு வெளிக்கு 63 வயதுக் கிழவர் ஒருவர் வந்து சேர்ந்தார். நியூசிலாந்தில் இருந்து வந்தவர். கூடவே ஒரு மோட்டார் சைக்கிள். அதற்கு வயது 42. புதிதாக வாங்கியபோது அந்த வண்டி மணிக்கு 55 மைல் வேகத்துக்கு மேல் போகாது. அதே வண்டியை அவர் அங்கே மணிக்கு 178.95 மைல் வேகத்தில் ஓட்டினார். கிலோ மீட்டர் கணக்கில் 288. 883 சி.சி. பிரிவில் அது உலக சாதனை.

அவர் பெயர் பர்ட் மன்ரோ. பந்தய வீரர் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அடிப்படையில் அவர் மெக்கானிக். வண்டியில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நேரம்தான் அவர் வாழ்க்கையில் அதிகம்.

வண்டியின் பெயர் இந்தியன். பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த கம்பெனியின் தயாரிப்பு. செவ்விந்தியர்களை மனதில் வைத்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கம்பெனி 1953-ம் ஆண்டிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. வண்டியைச் செய்தவர்கள் கடையைக் கட்டிய பிறகுதான் மன்ரோ அதைக் கொண்டுபோய் உலக சாதனை செய்தார்!

இரண்டு வயதைத் தாண்டாது என்ற பிள்ளை

நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஒரு நகரம். குளிர்ந்த ஊர். அங்கே 1899-ம் ஆண்டு மார்ச் 25-ந்தேதி மன்ரோ பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கூடப் பிறந்த பெண் குழந்தை பிறந்தவுடனேயே இறந்துவிட்டது. இந்தப் பிள்ளையும் இரண்டு வயதுக்கு மேல் தங்காது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை 78 வயது வரை இருந்தது.

தகப்பனார் விவசாயி. எடன்டேல் என்ற ஊரில் பண்ணை. சிறுவன் மன்ரோவுக்குப் பண்ணை வேலையில் மனம் ஒட்டவில்லை. வீட்டில் இருந்த குதிரைகளில் வேகமானது எதுவோ அதில் ஏறிக்கொண்டு பறப்பான். தகப்பனாருக்கு அது பிடிக்காது. 1914-ல் முதல் உலகப்போர் மூண்டபோது பட்டாளத்தில் சேர்ந்தால் உலகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தார். அதற்கும் தகப்பனார் இடம் கொடுக்கவில்லை. போர் முடிந்த பிறகு சில காலம் ஓட்டிரா என்ற இடத்தில் மலையைக் குடைந்து ரெயில் சுரங்கப்பாதை அமைக்கும் பணியில் கூலி வேலை பார்த்தார்.

முதலில் அவர் வாங்கியது சைடு கார் வைத்த கிளைனோ என்ற மோட்டார் சைக்கிள். வாங்கிய கையோடு சைடு காரைக் கழற்றி எறிந்தார். எதைக் கழற்றினால் வண்டி வேகமாகப் போகும் என்ற யோசனை அன்றே வந்துவிட்டது.

1920-ம் ஆண்டில் இந்தியன் ஸ்கவுட் வண்டியை வாங்கினார். எண் 50ஆர்627. சுமார் 600 சி.சி. என்ஜின். இரண்டு சிலிண்டர்கள். அன்றைய நாளில் நல்ல வண்டிதான். ஊருக்குள் போக, சந்தைக்குப் போக ஏற்றது. அவ்வளவுதான் அதன் தகுதி. 1926-ம் ஆண்டு வாக்கில் மன்ரோ அதைப் பிரித்து மாற்றத் தொடங்கினார். பிறகு நிறுத்தவே இல்லை.

காயலான் கடை இரும்பும் ஸ்போக் கம்பியும்

அவரிடம் பணம் இல்லை. நல்ல கருவிகளும் இல்லை. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் பகலில் வேலை. இரவில் சொந்த வண்டி. பல நாள் விடிய விடிய வேலை செய்துவிட்டு, அப்படியே எழுந்து பிழைப்பு வேலைக்குப் போய்விடுவார்.

லேத் பட்டறையிலும் பவுண்டரியிலும் வேலை பார்த்தவர்களுக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது உடனே புரியும். பிஸ்டன் வேண்டுமா? பழைய பிஸ்டன்களை உருக்கித் தகர டப்பாக்களை அச்சாக வைத்து வார்த்தார். சிலிண்டர் வேண்டுமா? ஊருக்கு காஸ் கொண்டுபோகும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை வாங்கி அறுத்துச் செய்தார். கனெக்டிங் ராடு வேண்டுமா? கேட்டர்பில்லர் டிராக்டர் ஒன்றின் அச்சுத் தண்டை எடுத்துக் கையாலேயே செதுக்கி, அரம் போட்டுத் தேய்த்து உருவாக்கினார். அளவு பார்க்க மைக்ரோமீட்டர் கிடையாது. பழைய சக்கரத்தின் ஸ்போக் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு அளந்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிசகினாலும் பிஸ்டன் கவ்விக்கொள்ளும் வேலை அது!

கம்பெனி கொடுத்த என்ஜினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. பெட்ரோலும் காற்றும் சுற்றி வளைத்து உள்ளே போக வேண்டும். வேகத்துக்கு அது பெரிய தடை. மன்ரோ வால்வுகளைச் சிலிண்டருக்கு மேலே கொண்டுபோனார். இது சின்ன மாற்றம் அல்ல. சிலிண்டர் தலைப்பகுதி முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும். வால்வைத் தூக்கும் கேம்கள், பிளைவீல், ஆயில் போகும் வழி, கிளட்ச் எல்லாம் அதோடு சேர்ந்து மாற வேண்டும். எல்லாவற்றையும் அவரே செய்தார். 600 சி.சி.யாக இருந்த என்ஜின் படிப்படியாக வளர்ந்து கடைசியில் 950 சி.சி. ஆனது. பந்தயத்துக்குத் தனி டயர் வாங்க வசதி இல்லை. சாதாரண டயரின் பூவைக் கத்தியால் சீவி வழவழப்பாக்கி ஓட்டினார்.

இப்படிச் செய்த சாமான்கள் எல்லாம் நிலைத்து நின்றனவா என்றால், இல்லை. முழு வேகத்தில் கனெக்டிங் ராடு முறிந்தால் என்ஜினுக்குள் அது அரிவாள் மாதிரி. ஒரே நொடியில் பல மாத வேலை தூளாகிவிடும். மன்ரோவுக்கு அது பல தடவை நடந்தது. உடைந்த பிஸ்டன்களையும் முறிந்த ராடுகளையும் அவர் வெளியே எறிவதில்லை. ஷெட்டில் ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கினார். வேகக் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கை என்று அந்த அலமாரியில் பெயின்டால் எழுதியும் வைத்தார். ஆயுத பூஜைக்கு எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்களுக்கு இந்த மனது விளங்கும். ஆனால் அவர் வைத்திருந்தது நல்ல ஆயுதங்களை அல்ல, உடைந்ததை!

இன்னொரு வண்டியும் அவரிடம் இருந்தது. 1936-ம் ஆண்டின் வெலோசெட். அதையும் விட்டுவைக்கவில்லை.

குடும்பம்

மன்ரோவைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டிவிடுவார்கள். அது சரியல்ல.

1920-களில் சில காலம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே பந்தயங்களில் ஓட்டினார். 1927-ம் ஆண்டில் திருமணம் நடந்தது. மனைவி பெயர் புளோரன்ஸ் பெரில். பொருளாதார மந்தம் வந்தபோது ஊர் திரும்பித் தகப்பனாரின் பண்ணையில் வேலை செய்தார். நான்கு குழந்தைகள் பிறந்தன. பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் ஷெட் என்று இருக்கும் மனிதரோடு குடும்பம் நடத்துவது எந்த ஊரிலும் சுலபம் இல்லை. 1947-ம் ஆண்டில் விவாகரத்து ஆயிற்று. வேலையையும் 1940-களின் கடைசியில் விட்டுவிட்டார். ஒரு ஷெட்டில் குடியேறினார். அந்த ஷெட்டே வீடு, அதுவே பட்டறை. படுக்கைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள். சாதனைப் பட்டியலைப் படிக்கும்போது இந்த விலையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இன்வர்கார்கில் அருகே ஓரேட்டி என்று நீண்ட கடற்கரை இருக்கிறது. கடல் பின்வாங்கியதும் ஈர மணல் இறுகி ரோடு போல் ஆகிவிடும். உள்ளூர் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் பந்தயம் ஓட்டுவது அங்கேதான். பரிசுப் பணத்துக்காக வந்தவர்கள் அல்ல. வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் சொந்த வண்டியைக் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கும் ஆட்கள். மன்ரோ அவர்களில் ஒருவர். 1957-ம் ஆண்டில் மணிக்கு 131.38 மைல் வேகத்தில் ஓட்டி, கடற்கரை ஓட்டத்தில் நியூசிலாந்து சாதனையை ஏற்படுத்தினார். பல முறை விழுந்து தோல் கிழிந்ததும் உண்டு.

அதே 1957-ல் வேடிக்கையாக ஒன்று நடந்தது. அதுவரை அவர் பெயர் ஆங்கிலத்தில் பெர்ட் என்று இருந்தது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டு பர்ட் என்று அச்சிட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டு அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

உப்பு வெளியில்

பானவில் என்பது பழங்காலத்து ஏரி ஒன்று வற்றி உப்பாகப் படிந்த இடம். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்கள் அதை வைத்துக் கற்பனை செய்யக் கூடாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைத் தரை. மேடு பள்ளம் இல்லை. கோடையில் சிமெண்டு போல இறுகும். மைல் கணக்கில் நேராக ஓட்டலாம். நியூசிலாந்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. வண்டியின் முழு வேகத்தை அறிய வேண்டுமானால் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அப்போது மன்ரோவுக்கு நெஞ்சுவலி நோய் இருந்தது. 1950-களின் கடைசியில் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். வயதும் 60-ஐத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்டவர், காற்றைக் கிழித்துப் போக மீன் போன்ற கூடு ஒன்றை வண்டிக்கு மாட்டினார். முதலில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டிச் செய்த கூடு. அதற்கே சில ஆண்டுகள் பிடித்தன. பின்னால் பைபர் கிளாசுக்கு மாறினார். அந்தக் கூட்டுக்குள் குப்புறக் கவிழ்ந்து படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் இருந்து தானாகக் கிளம்ப முடியாது. பின்னால் இருந்து தள்ளிவிட வேண்டும். கிளம்பிவிட்டால் நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். 1920-ம் ஆண்டு வண்டியின் பிரேக் எப்படி இருக்கும்!

அமெரிக்கப் பந்தயக்காரர்கள் அவரை அந்நியராக நடத்தவில்லை. ரோலி பிரீ என்ற பழைய சாதனை வீரர் போன்றவர்கள் பக்கத்தில் நின்று உதவினார்கள். 1962-ல் 178.95 மைல் சாதனை. 1966-ல் 1,000 சி.சி. பிரிவில் 168.07 மைல். 1967-ல் மறுபடியும் போனார். வண்டிக்கு வயது 47, ஓட்டியவருக்கு 68. தகுதி ஓட்டம் ஒன்றில் வேகம் மணிக்கு 190.07 மைல் என்று பதிவாயிற்று. இது ஒரு திசை ஓட்டம். சாதனைக்கு அது போதாது. காற்று முதுகில் தள்ளியதால் வந்த வேகம் கணக்கில் சேரக் கூடாது என்பதற்காக, ஒரே பாதையில் எதிர் எதிர்த் திசைகளில் இரண்டு முறை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். அப்படி எடுத்த சராசரி மணிக்கு 183.586 மைல் என்று எழுதினார்கள். அதாவது 295.453 கிலோ மீட்டர். 1,000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் சாதனை.

அதற்குப் பிறகு

உடம்பு இடம் கொடுக்காத வரை அவர் ஷெட்டை விடவில்லை. 1977-ம் ஆண்டில் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முன்போல் ஒத்துழைக்காது என்று தெரிந்ததும் இரண்டு வண்டிகளையும் விற்கத் தீர்மானித்தார். வெளிநாட்டுக்குப் போகாமல் சொந்த மண்ணிலேயே அவை இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்வர்கார்கிலில் இருந்த இரும்புச் சாமான் வியாபாரி ஒருவரிடம் கொடுத்தார். ஆணியும் சுத்தியலும் வாங்க வருகிறவர்கள் அந்தக் கடையிலேயே வண்டியைப் பார்க்கும்படி ஆயிற்று. 1978-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி மன்ரோ காலமானார்.

ரோஜர் டொனால்ட்சன் என்ற இயக்குனர் 1970-களின் தொடக்கத்தில் மன்ரோவை நேரில் வைத்தே ஒரு டாக்குமெண்டரி எடுத்திருந்தார். அவரே 2005-ல் முழு நீளப் படமும் எடுத்தார். ஆந்தணி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்தார். பல ஆண்டுப் பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கிவிட்ட கதை அது. சினிமாவுக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் ஒரே தடவையில் ஜெயித்தவர் என்று நினைத்துவிட்டால் அலமாரியில் அடுக்கிய பிஸ்டன்களுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். 2006-ம் ஆண்டு முதல் அவர் பெயரில் இன்வர்கார்கிலில் மோட்டார் சைக்கிள் விழாவும் தொடங்கியது. ஓரேட்டி கடற்கரையிலும் பந்தயம் வைத்தார்கள்.

கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர்களுக்காகவே ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. 1967-ம் ஆண்டு சாதனையின்போது ஒரு திசையில் வேகம் 184.710 மைல். எதிர்த் திசையில் 183.463. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன வரும்? 183.586 வராது. 184.087 வரும். இந்தச் சின்னக் கூட்டல் கணக்குத் தவறு நாற்பது ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் கண்டுபிடித்தவர் மன்ரோவின் மகன் ஜான். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தது. தவறு உண்மைதான். 2014-ம் ஆண்டில், மன்ரோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு, சாதனை 184.087 மைல் என்று திருத்தி எழுதப்பட்டது. கிழவர் கணக்கில் அரை மைல் கூடியது.