அறிஞர் எமர்ஸனின் அந்திய காலம்

அமெரிக்க அறிஞருள் தலைசிறந்தவராகிய ரால்ப் வால்டோ எமர்ஸன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் பாஸ்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் போதகர், மகனுக்கு எட்டு வயது நிரம்புமுன்னரே காலஞ்சென்றார். வறுமையினூடே ஹார்வர்டிற் பயின்று 1821-இல் பட்டம் பெற்ற எமர்ஸன், 1829-இல் பாஸ்டன் திருச்சபையொன்றிற் போதகராயினார். இராப்போஜனச் சடங்கை நடத்துதற்கு மனச்சான்று இடந்தராமையால் 1832-இல் அப்பணியைத் துறந்தார். அக்கொள்கை யாம் ஏற்பதன்று. எனினும் மனம் கொள்ளாததை வாயாற் சொல்ல மறுத்த நேர்மை போற்றற்குரியதே.

அதன்பின் சொல்லே அவர்க்குத் தொழிலாயிற்று. ஊரூராய்ச் சென்று அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் ஏறத்தாழ 1,500 என்பர். 1836-இல் வெளியிட்ட ‘இயற்கை’ என்னும் நூலில் மொழிக்கெனத் தனியே ஓர் இயல் வகுத்து, சொற்கள் இயற்கைப் பொருள்களினின்றே பிறந்தன என்று விளக்கினார்.

இத்தகையாரைச் சொற்கள் ஒவ்வொன்றாய்க் கைவிடலாயின. 1872-ஆம் ஆண்டு ஜூலையில் கான்கார்டு ஊரிலிருந்த அவரது இல்லம் தீப்பட்டது. நண்பர்கள் பொருள் திரட்டி அதனைப் புதுக்கித் தந்தனர். தளர்ந்த நினைவைப் புதுக்குவார் எவருமிலர். குடையின் பெயர் நாவில் வராதபோது, அயலார் எடுத்துச் செல்லும் பொருள் என்றார்; ஏரை, நிலத்தைப் பண்படுத்தும் கருவி என்றார். இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லி நகைப்பாருமுளர். நன்னூல் பயின்ற எமக்கு நகை தோன்றவில்லை. இடுகுறிப் பெயர் மறைந்தவிடத்துக் காரணப் பெயரொன்றை அப்பொழுதே படைத்துக்கொண்ட அறிவன்றோ அது! பெயர் போயிற்று, பொருளறிவு போகவில்லை.

இஃது எவ்வாறு நிகழும்? மொழியை ஆளும் நரம்பணுக்கள் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாகத்தே, நெற்றியையும் பொட்டையும் அடுத்த பகுதிகளில் அமைந்துள்ளன. மூளைத்தேய்வு நோயில் அவ்வணுக்கள் சிறிது சிறிதாக மாளும், மாண்டவை மீள்வதில்லை. தேய்வு அப்பகுதிகளில் முதலில் தொடங்கின், ஏனைய அறிவு ஓரளவு நிற்கவே சொல் மட்டும் முன்னே செல்லும். எமர்ஸன் மறைந்து பத்தாண்டு கழித்து, 1892-இல், பிராக் நகர மருத்துவர் ஆர்னால்டு பிக் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1982-இல் மெசுலம் என்னும் அமெரிக்க மருத்துவர், மொழியே மெல்ல மெல்லக் குன்றிய அறுவரின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டார். எமர்ஸனுக்கு உற்ற நோய் இன்ன வகையினதென்று இன்று அறுதியிடலாகாது. அவர்தம் உற்றார் எழுதிவைத்த குறிப்புகள் இவ்வழியைச் சுட்டுகின்றன.

இனி, மூத்த மகளாகிய எல்லனைப் பற்றிக் கூறாது விடலாகாது. தந்தையாரின் முதல் மனைவி 1831-இல் இளமையிலேயே இறந்தார். அவ்வம்மையாரின் பெயரையே பின்னர் மணந்த மனைவியின் மகளாகிய இவர் தாங்கினார். தந்தையின் ஏடுகளை ஒழுங்குபடுத்தி, உடன்சென்று, தடுமாறுமிடத்துத் துணைநின்றார். 1875-இல் வெளிவந்த நூலை, பழைய கையெழுத்துப் படிகளினின்று எல்லனும் காபட் என்னும் நண்பருமே தொகுத்தனர். அதனை எமர்ஸனுடைய நூலெனல் தகுமோ என்று வினவுவாருமுளர். மலர்கள் அவருடையவே, தொடுத்த கை மகளுடையது. யாம் அதிற் குற்றங் காண்கிலேம். 1879-இல் அவர் கான்கார்டில் ஒரு சொற்பொழிவைப் படித்தார். அதன் பொருள் நினைவாற்றல்!

1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கவிஞர் லாங்பெல்லோவின் அடக்கத்திற்குச் சென்றிருந்தார். நெடுநாள் நண்பரின் முகத்தை உற்று நோக்கியும் பெயர் நினைவிற்கு வரவில்லை. இனிய உள்ளம் படைத்தவர் என்பதை மாத்திரம் அருகிருந்தாரிடம் சொன்னார். அடுத்த திங்கள் 27-ஆம் நாள், நுரையீரற் காய்ச்சலால், எமர்ஸனும் கான்கார்டிற் கண் மூடினார்.