பண்டிதர் அயோத்திதாசரும் பூர்வீக பூமியும்

சென்னையில் 1845 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் நாள் பிறந்த காத்தவராயன், தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே பூண்டு அயோத்திதாசர் ஆயினார். சித்த வைத்தியம் அவர்தம் தொழில். நீலகிரியில் வாழ்ந்த காலத்தே அத்துவைதம் பேசியவரும் அவரே.

இந்நாடு எவருக்கு உரியது என்னும் வினா அப்பெருமானை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1881 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தம்மக்களை ஆதித் தமிழர் என்று பதியுமாறு வேண்டினார். 1891 இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். மறு ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும், கிராமங்களில் வீணே கிடக்கும் தரிசு நிலமும் வேண்டுமென வாதாடினார். பூர்வீகர் என்ற பெருமையோடு நில்லாமல் உழுதற்கு மண் கேட்டாரே, அதனை நாம் மிகப் பெரிதாய் மதிக்கின்றோம்.

1898 இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்று மீண்டார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. 1907 ஜூன் 19 முதல் ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. அப்போது சுதேசியம் எங்கும் முழங்கிற்று. ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள விடாதார் எங்ஙனம் சுதேசிகள் ஆவர் என்பதே பண்டிதரின் வாதம். ஐந்திந்திரியங்களை வென்ற பகவனாகிய இந்திரரின் பெயரால் இது இந்திரதேசம் ஆயிற்றென்றும், இதன் பூர்வக் குடிகள் பௌத்தரே என்றும், சாதி பின்னர் வந்த வேடதாரிகள் நாட்டியதென்றும் எழுதினார். சிந்து நதியின் பெயரினின்றே இந்தியா என்னும் பெயர் வந்ததென்பர் மொழிநூலார். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சேரிக்குத் துரத்தப்பட்டவன் தன் மண்ணில் தானே அந்நியனல்லன் என்று உணர்ந்தது அவர் எழுத்தாலன்றோ!

ஒன்று கூற வேண்டும். பண்டிதர் சீலம் பெற்ற அதே இலங்கையில், தம்மத்தின் பெயரால் நாடு ஓரினத்தாருக்கே உரியதென்னும் வாதமும் வளர்ந்தது. 1956 இல் சிங்களமே ஆட்சிமொழி என்னும் சட்டம் பிறந்தபோது பிக்குகள் பலர் அதற்கு முன்னின்றனர், தமிழர் துயருற்றனர். துரத்தப்பட்டோர் இடம் கேட்பது வேறு. பிறரைத் துரத்த இடம் கேட்பது வேறு. அரசையே துறந்த பகவன் பின்னதற்குச் சான்றாகார். பண்டிதரின் சொற்களிலும் பிறப்பைச் சுட்டும் கடுமை உண்டு. அதனை நாம் பின்பற்றவேண்டுவதில்லை.

1914 மே 5 இல் பண்டிதர் மறைந்தார். அவர்தம் சங்கக் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் இருந்தன. தமிழன் இதழைப் பின்னாளில் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார்; சுரங்கத்தினின்று மேலேறி வந்த தொழிலாளர் அதனை வாங்கிப் படித்தனர்.