வஸத் நட்சத்திரத்துக்கு அருகில் ஒரு புள்ளி

பிறை தேடி மாடியேறும் மாலைகளைத் தவிர நம்மில் பலர் வானத்தை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. பிறையாவது கண்ணுக்குத் தெரியும். வெறுங்கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கலான ஒரு புள்ளியை, லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவிலிருந்து பிரித்தெடுத்த ஓர் இளைஞரின் வரலாறு இது. அவர் பெயர் கிளைட் டாம்பா. அவர் கண்டெடுத்தது புளூட்டோ. அப்போது அவருக்கு வயது 24. கையில் கல்லூரிப் பட்டம் எதுவும் கிடையாது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1906 பிப்ரவரி 4 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். பின்னர் குடும்பம் கன்சாஸ் மாநிலத்தின் பர்டெட் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. கல்லூரிக்குப் போகும் கனவும் அந்தப் பயிரோடு போயிற்று.

வயலில் உழைத்துக்கொண்டே தொலைநோக்கி செய்யக் கற்றார். கண்ணாடியைத் தேய்த்துக் குழிவாக்கி, அதன் வளைவைச் சோதிக்க வேண்டும். காற்றின் வெப்பம் மாறினால் சோதனை தவறிவிடும். அதற்காக 24 அடி நீளம், 7 அடி அகலம், 8 அடி ஆழத்தில் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தாமே ஒரு நிலவறை தோண்டினார். தொலைநோக்கியைத் தாங்க ஒரு பழைய பியூக் காரின் பாகமும் பாலேடு பிரிக்கும் இயந்திரத்தின் பாகமும் பயன்பட்டன. அதன் வழியே பார்த்த வியாழனையும் செவ்வாயையும் வரைந்து, 1928-இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் ஊரிலிருந்த லோவல் வானாய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினார். கருத்துக் கேட்டு அனுப்பியவருக்கு வேலையே கிடைத்தது.

அந்த வானாய்வகத்தை 1894-இல் நிறுவியவர் பெர்சிவல் லோவல் என்ற செல்வந்தர். யுரேனஸின் பாதையில் தெரிந்த சிறு பிசகை வைத்து, நெப்டியூனுக்கு அப்பால் பெரிய கிரகம் ஒன்று இருந்து இழுக்கிறது என்று கணக்குப் போட்டார். அதைத் தேடித் தேடியே 1916-இல் இறந்தார். உண்மையில் 1915-இல் அவருடைய ஆய்வகம் எடுத்த படங்களிலேயே புளூட்டோ விழுந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. 1919-இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகம் எடுத்த படங்களிலும் அது இருந்தது. அங்கும் தப்பிவிட்டது.

1929 ஜனவரியில் வேலையில் சேர்ந்த டாம்பா, பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுவார், அடுப்புக்கு விறகு போடுவார். இரவில் 13 அங்குலத் தொலைநோக்கியின் முன் அமர்ந்து, ஒரு கண்ணாடித் தட்டுக்கு ஒரு மணி நேரம் என வானத்தைப் படம்பிடிப்பார். கூடத்தைச் சூடாக்கினால் காற்று அசைந்து படம் கெட்டுவிடும். எனவே மலைக் குளிரிலேயே இருக்க வேண்டும். சில நாள் கழித்து அதே இடத்தை மறுபடி எடுப்பார். பிறகு இரண்டு தட்டுகளையும் ஒரு கருவியில் பொருத்தி, மாற்றி மாற்றிக் கண்ணுக்குக் காட்டுவார். நட்சத்திரங்கள் அசையாது நிற்கும். இடம் மாறிய புள்ளி மட்டும் அங்கும் இங்கும் குதிக்கும்.

சொல்ல எளிது. பல தட்டுகளில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். சிறுகோள்களும் குதிக்கும். இங்கேதான் அவருடைய அறிவு தெரிகிறது. சூரியனுக்கு நேர் எதிரே உள்ள வானப் பகுதியை மட்டும் படமெடுப்பது என்று முடிவு செய்தார். ஓடும் ரயிலிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் வேகமாகப் பின்னோடும், தூரத்து மலை மெல்ல நகரும் அல்லவா? அதுபோல, பூமி கடந்து செல்லும்போது அருகிலிருக்கும் சிறுகோள் அதிகமாக நகரும், தொலைவில் உள்ளது கொஞ்சமாகத்தான் நகரும். நகர்ந்த அளவே தூரத்தைச் சொல்லிவிடும். ஆய்வகத்துக்கு வந்த ஒரு வானியலாளர், இன்னொரு கிரகம் இருந்திருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும் என்று சொல்லிப் போனார். டாம்பா தட்டுகளை எடுத்துக்கொண்டே இருந்தார்.

1930 பிப்ரவரி 18, பிற்பகல். ஜனவரி 23, 29 ஆகிய இரவுகளில் எடுத்த தட்டுகள். மிதுன ராசியில் ஒரு நட்சத்திரத்தை மையமாக வைத்து எடுத்தவை. அந்த நட்சத்திரத்தின் பெயர் வஸத், நடு என்று பொருள்படும் அரபுச் சொல். (உலகம் இன்றும் உச்சரிக்கும் நட்சத்திரப் பெயர்களில் பல அரபுப் பெயர்கள் என்பதை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிப்பதில்லை.) வஸதுக்கு அருகே ஒரு புள்ளி குதித்தது. ஆறு நாளில் மூன்றரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருந்தது. அப்படியானால் அது நெப்டியூனுக்கும் அப்பால். ஜனவரி 21-இல் எடுத்த மோசமான தட்டொன்றையும் எடுத்துப் பார்த்தார். இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது. பிறகே இயக்குநர் ஸ்லைஃபரின் அறைக்குப் போய்ச் சொன்னார்.

மார்ச் 13 அன்று, லோவலின் பிறந்த நாளில், உலகுக்கு அறிவித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி சொன்ன பெயர் நிலைத்தது.

லோவலின் கணக்கு பலித்தது என்றே பலரும் நம்பினார்கள். அது உண்மையல்ல. 1978-இல் புளூட்டோவின் துணைக்கோள் சாரோன் தெரிந்த பிறகு அதன் எடையைக் கணிக்க முடிந்தது. நம் நிலவைவிடவும் சிறியது. யுரேனஸை அசைக்கும் வலு அதற்கில்லை. பிற்பாடு வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனின் எடையைத் துல்லியமாக அளந்தபோது, அந்தப் பிசகே இல்லாமல் போனது. புளூட்டோ கிடைத்தது ஒரு கணக்கின் வெற்றியால் அல்ல, வானத்தைத் துண்டு துண்டாக விடாமல் தேடிய ஒருவரின் பொறுமையால்.

இதன்பின் தான் அவர் கல்லூரிக்குப் போனார். 1932-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, ஒரு புதிய உலகத்தைக் கண்டவருக்கு வானியல் அரிச்சுவடிப் பாடமா என்று பேராசிரியர் அந்த வகுப்பில் அவரைச் சேர்க்கவில்லை. விடுமுறைகளில் ஆய்வகம் திரும்பி, மேலும் பல ஆண்டுகள் தேடினார். நட்சத்திரக் கொத்துகள், சிறுகோள்கள், ஒரு வால்நட்சத்திரம் எனப் பல கிடைத்தன. இன்னொரு கிரகம் கிடைக்கவில்லை. பின்னர் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1973 வரை பணிபுரிந்தார்.

1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் பனிக்கோள்கள் ஒவ்வொன்றாகத் தென்படத் தொடங்கின. புளூட்டோவும் அக்கூட்டத்தில் ஒன்றுதானே என்ற பேச்சு எழுந்தபோது, முதிய டாம்பா அது கிரகம்தான் என்று வாதிட்டார். 1997 ஜனவரி 17 அன்று இறந்தார். 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. இதனால் அவர் புகழ் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள அந்தப் பெரும் கூட்டத்தின் முதல் உறுப்பினரை, மற்றவர்களுக்கு அறுபது ஆண்டுகள் முன்பே பார்த்தவர் அவர்.

அந்த ஆண்டு ஜனவரி 19 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புறப்பட்டபோது அவர் மனைவி பாட்ரிசியா நேரில் இருந்து பார்த்தார். கலத்தில் ஒரு சிறு குப்பியில் கணவரின் அஸ்தி இருந்தது. ஒன்பதரை ஆண்டுப் பயணத்துக்குப் பின், 2015 ஜூலை 14 அன்று, அது புளூட்டோவை 12,500 கிலோமீட்டர் அருகில் கடந்தது. அங்கே இதய வடிவில் வெளுத்துக் கிடந்த பனிப்பரப்புக்கு டாம்பாவின் பெயரை இட்டிருக்கிறார்கள். புளூட்டோ சூரியனை ஒருமுறை சுற்ற 248 ஆண்டுகள் ஆகும். அவர் பார்த்த நாளிலிருந்து அது இன்னும் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை.