மைக்கேல் வெஸ்ட்

வேற்றுமொழி ஒன்றைச் சிறுவர்க்குக் கற்பித்தல் அரிய செயலாகும். தாய்மொழியைக் குழந்தை தாயின் மடியிலும் தெருவிலும் தானே பெற்றுக்கொள்கிறது. வேற்றுமொழியையோ பள்ளியில் ஓரிரு நாழிகை மட்டுமே கேட்டு அறிய வேண்டியுள்ளது. நம் நாட்டு மாணவருட் பெரும்பாலோர் ஆங்கிலத்தை இவ்வாறே கற்று வருகின்றனர். பல்லாண்டு கற்றும் சிறு நூலொன்றைத் தாமே படித்துணர இயலாமல் இடர்ப்படுவோர் அவருட் பலர். இது மாணவரின் மந்த புத்தியால் நேர்ந்த குறை என்று கூறி அமைவது ஆசிரியர்க்கு எளிது. அவ்வாறு அமையாமல், குறை பாடநூலில் உள்ளதோ, கற்பிக்கும் முறையில் உள்ளதோ என்று அளந்து பார்க்கப் புகுந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் ஆவர்.

வெஸ்ட் 1888-ஆம் ஆண்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1912-இல் இந்தியக் கல்விப் பணியில் அமர்ந்து வங்காளத்திற்கு வந்தார். 1920-இல் டாக்கா நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவரானார். மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணியால் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. இன்று வங்காளதேசத்தின் தலைநகராக விளங்குகிறது. உயர்பதவியில் வந்த துரைமார் பலர் அலுவலக மேசையோடு தம் பணியை முடித்துக்கொண்ட காலம் அது. வெஸ்டோ பள்ளி வகுப்புகளுள் என்ன நிகழ்கின்றது என்று உற்று நோக்கினார்.

அங்கே அவர் கண்ட காட்சி மகிழ்ச்சி தருவதாக இல்லை. ஆசிரியர் ஒரு வரியை உரக்கப் படிப்பார். மாணவர் ஒருசேரத் திருப்பிச் சொல்வர். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் வங்காளிப் பொருள் கூறப்படும். ஒரு பக்கத்தைக் கடக்கவே நாள் பல ஆகும். உயர்ந்த வகுப்பை எட்டுமுன் பெரும்பகுதி மாணவர் பள்ளியை விட்டு நீங்கிவிடுவர். பாடத்திட்டமோ இறுதித் தேர்வு வரையில் நின்று படிப்பவனை மட்டும் மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டிருந்தது. முதல் சில ஆண்டுகளிற் கற்பவை யாவும் பிற்காலத்துப் படிப்பிற்கு இடும் அடித்தளமே என்று கருதப்பட்டன. அடித்தளம் இட்ட அளவில் நின்றுவிட்டவனுக்குக் குடியிருக்க வீடு ஏது?

இவ்விடத்தில் வெஸ்ட் ஓர் அரிய உவமையைக் கையாண்டார். ஆயுள் காப்பீடு செய்தவர் தவணையை இடையில் நிறுத்திவிட்டால், அவர் கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதனைச் சரண்டர் மதிப்பு என்பர். கல்விக்கும் அத்தகைய மதிப்பு ஒன்று உண்டு என்றார் அவர். ஒரு மாணவன் மூன்றாம் ஆண்டில் நின்றாலும், ஐந்தாம் ஆண்டில் நின்றாலும், அதுவரை கற்றதில் அவன் வாழ்க்கைக்குப் பயன்படும் பகுதி எவ்வளவு என்று கணக்கிட வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கணக்கின்படி பார்த்தால், இடையில் நின்ற சிறுவர்க்கு அக்கால ஆங்கிலக் கல்வி ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை.

இதனை நம் நாட்டு நிலையோடும் பொருத்திப் பார்க்கலாம். அமராவதி ஆற்றங்கரையிலுள்ள கொமரலிங்கத்து மாணவன் ஒருவன் பள்ளிப் படிப்பை முடியாமல் விட்டு, பின்னாளில் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் வேலைக்கு அமர்கிறான் என்று கொள்வோம். ஆடையின் கழுத்தில் தைக்கும் லேபிளில் துவைக்கும் முறை ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டியின்மேல் சேரும் துறைமுகத்தின் பெயர் இருக்கும். வினைச்சொல்லின் முக்கால வடிவங்களை ஒப்பிக்கக் கற்றவனாயினும், அந்த நான்கு வரியைப் படித்துப் பொருளறிய இயலாதவனாயின், அவன் பள்ளியிற் கழித்த ஆண்டுகளின் சரண்டர் மதிப்பு என்னவாகும்?

இடையில் நிற்பவனுக்கும் நிலைத்து உதவும் திறன் யாது? படித்தறியும் திறனே என்று வெஸ்ட் முடிவு செய்தார். அக்காலத்தில், ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே பேசிக் கற்பிக்க வேண்டும், தாய்மொழி வகுப்பினுள் நுழையலாகாது என்னும் நேர்முறை மேனாடுகளிற் செல்வாக்குற்றிருந்தது. சரளமாக ஆங்கிலம் பேசும் ஆசிரியர் இருந்தாலன்றி அம்முறை பயன்தராது. அத்தகைய ஆசிரியரை வங்காளத்துச் சிற்றூர்ப் பள்ளிதோறும் எங்கே தேடுவது? மேலும், சிற்றூரில் வாழ்பவனுக்கு ஆங்கிலத்தில் உரையாடும் வாய்ப்பு அரிது. நூலோ செய்தித்தாளோ கைக்கு எட்டக் கூடியது. நல்ல நூல் ஒன்று கையிலிருந்தால் ஆசிரியரின் குறையையும் அது ஓரளவு ஈடுசெய்யும். ஆகவே முதலிற் படித்தல், பேசுதல் பிறகு என்று அவர் வகுத்தார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்துவந்த ஹரால்டு பாமர் என்னும் அறிஞர் பேச்சுக்கே முதலிடம் தந்தார். இவ்விருவர் கொள்கைகளுள் எது சிறந்தது என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை.

இனி, மாணவர் ஏன் படிக்க இயலாமல் திணறினர் என்பதைக் காண்போம். வெஸ்ட் அக்காலப் பாடநூல்களைக் கையிலெடுத்துச் சொற்களை எண்ணத் தொடங்கினார். வரிக்கு வரி புதிய சொற்கள் நெருங்கிக் கிடந்தன. அவற்றுட் பல வழக்கொழிந்த செய்யுட் சொற்கள். ஒரு முறை தோன்றிய சொல் மறுமுறை தலைகாட்டாமலே மறைந்தது. ஒரு சொல்லைப் பழகிக்கொள்ளுமுன் அடுத்த சொல் வந்து தாக்கினால் சிறுவன் என் செய்வான்! அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ண்டைக் என்பார் 1921-இல் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் பதினாயிரம் சொற்களைத் திரட்டி வெளியிட்டிருந்தார். அப்பட்டியலின் துணைகொண்டு, வழக்கு மிக்க சொற்களை முன்னும், வழக்குக் குறைந்தவற்றைப் பின்னுமாக வெஸ்ட் அமைத்தார். புதுச்சொல் ஒன்றுக்கும் அடுத்த புதுச்சொல்லுக்கும் இடையில், முன்பே அறிந்த சொற்கள் ஏறக்குறைய ஐம்பதாவது வரும்படி பாடங்களைப் புதிதாக எழுதினார். வந்த சொல்லை மீண்டும் மீண்டும் வரச் செய்தார். அவ்வாறு எழுதியவற்றைப் பள்ளி மாணவரிடம் கொடுத்து, வாய்க்குள் படிக்கச் செய்து, எவ்வளவு விரைவிற் படிக்கின்றனர், எவ்வளவு புரிந்துகொள்கின்றனர் என்று சோதித்தார். மந்தர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கதையின் சுவையால் ஈர்ப்புண்டு பக்கங்களைப் புரட்டலாயினர்.

கேட்போனின் ஆற்றலை அறிந்து பாடஞ்சொல்லுதல் ஆசிரியர் கடன் என்று நம் நன்னூலாரும் கூறியுள்ளார். அவ்வாற்றலைச் சொற்கணக்கால் அளந்து காட்டியதே வெஸ்ட் செய்த புதுமை.

இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1926-இல் இருமொழிக் கல்வி பற்றிய பெருநூலாக வெளிவந்தன. அதில், உணர்ச்சிக்கும் உறவுக்கும் உரியது தாய்மொழியே என்றும், அறிவு நூல்களைப் பெறுவதற்குரிய வாயிலாக ஆங்கிலம் வேண்டும் என்றும் அவர் எழுதினார். முதற்பகுதியை யாவரும் ஏற்பர். இரண்டாம் பகுதியை முழுதும் ஏற்றல் அரிது. அறிவியல் நூல்கள் தாய்மொழியில் இல்லாமை அக்காலத்து நிலையேயன்றி, அம்மொழியின் இயல்பான குறை அன்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியமே இதற்குச் சான்று. ஆயினும், ஆட்சி புரிந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்பட்டோரின் தாய்மொழிக்கு அந்நாளில் அத்துணை இடமளித்து எழுதியது பாராட்டத்தக்கது.

வெஸ்ட் 1932-இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அதன்பின்னும் சொற்களை எண்ணும் பணியை அவர் விடவில்லை. 1935-இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அகராதி ஒன்றை வெளியிட்டார். அதன் அருமையை நிகண்டு கற்றவர் நன்குணர்வர். ஒரு சொல்லின் பொருளைத் தேடிச் சென்றால், அதனினும் அரிய மூன்று சொற்கள் எதிர்ப்படுவது நிகண்டில் இயல்பு. வெஸ்டின் அகராதியோ ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. அவ்வளவு சொற்களைக் கற்றவன் பிறர் உதவியின்றி அகராதியைத் தானே பயன்படுத்தலாம்.

1934-இல் நியூயார்க்கு நகரில் கார்னகி அறநிலையத்தின் ஆதரவில் ஒரு மாநாடு கூடியது. வெஸ்ட், பாமர், தார்ண்டைக் முதலியோர் அதில் ஒருங்கிருந்து, ஆங்கிலம் கற்போர்க்கு முதலில் வேண்டிய சொற்கள் எவை என்று ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி பல்லாண்டு வளர்ந்து, 1953-இல் வெஸ்டின் பொதுப்பயன் சொற்பட்டியலாக நிறைவுற்றது. ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் அதில் உள்ளன. ஒரு சொல் பல பொருள் தருமாயின், எப்பொருளில் நூற்றுக்கு எத்தனை முறை வழங்குகிறது என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. கணிப்பொறி பரவாத அக்காலத்தில், பல இலட்சம் சொற்களைக் கண்ணாற் பார்த்துக் கையால் எண்ணித் திரட்டிய கணக்கு அது. காலப்போக்கில் அதன் சில சொற்கள் பழமையாயின. 2013-இல் அதனைப் புதுக்கிய பட்டியல்கள் வெளிவந்தன.

வெஸ்ட் தம் முதுமையிலும் டாக்காவில் கண்ட வகுப்பறையை மறக்கவில்லை. 1960-இல் இடர்மிக்க சூழலில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றி ஒரு நூல் எழுதினார். நெருக்கமான பெஞ்சுகள், அளவுக்கு மிஞ்சிய மாணவர் தொகை, கடும் வெயில், ஆங்கிலத்தில் தாமும் தடுமாறும் ஆசிரியர் ஆகிய இவற்றையே அதன் பொருளாகக் கொண்டார். அவ்வாண்டுகளிலேதான் சென்னை மாநிலத்திலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பல்லாயிரவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர் பிறர்க்குப் பயிற்றுவிக்க, உருளுந்தோறும் பெருகும் பனியுருண்டைபோல அத்தொகை பெருகியது. பேச்சு வடிவங்களுக்கு முதலிடம் தந்த அம்முறை வெஸ்டின் வழியன்று. எனினும், சொற்களை எண்ணி அளந்து வழங்கும் கொள்கை அதனுள்ளும் இடம்பெற்றிருந்தது.

வெஸ்ட் 1973-இல் காலமானார். 1978-இல் லாங்மன் பதிப்பகத்தார் அயல்நாட்டு மாணவர்க்கெனப் பேரகராதி ஒன்றை வெளியிட்டனர். அதிலுள்ள பல்லாயிரம் சொற்களுக்குப் பொருள் எழுத ஏறத்தாழ 2,000 சொற்களே கையாளப்பட்டன. அவை வெஸ்டின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு தெரிந்தெடுக்கப்பட்டவை.