புண்ணில் ஒட்டாத கட்டு



நம் வீட்டில் ஒருவருக்குத் தீக்காயமோ, காலில் நெடுநாள் ஆறாத புண்ணோ இருந்திருந்தால், கட்டு மாற்றும் நாள் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். காயம் பட்ட நாளைவிட அந்த நாளுக்குத்தான் நோயாளி அதிகம் அஞ்சுகிறார். செவிலியர் தட்டோடு வருவதைப் பார்த்ததுமே முகம் மாறுகிறது. புண்ணிலிருந்து கசியும் நீர் காஸ் துணியில் ஊறி உலர்ந்து, துணியைப் புண்ணோடு ஒட்டவைத்துவிடுகிறது. அதை இழுத்தால், மெல்ல வளர்ந்துவந்த புதிய சதையும் சேர்ந்து பிய்கிறது. இரத்தம் கசிகிறது, புண் ஆறுவதும் தள்ளிப்போகிறது. குணமாக்க வைத்த துணியே மறுபடியும் காயப்படுத்துகிறது.

இந்த இரண்டாவது வலியைக் குறைக்க வழி கண்ட ஒருவரின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம். உலகம் அவரை வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கிறது. திரைப்படத்தின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களில் மூத்தவர், அகுஸ்த் லூமியேர்தான் அவர்.

அகுஸ்த் 1862ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் பெசான்சோன் நகரில் பிறந்தார். தந்தை அந்துவான், ஓவியரும் புகைப்படக் கலைஞருமாவார். பின்னர் குடும்பம் லியோன் நகரில் குடியேறியது. அகுஸ்தும், இரண்டு வயது இளையவரான தம்பி லூயியும் அங்கே தொழிற்கல்வி பயின்றனர். புகைப்படத் தகடுகள் செய்யும் குடும்பத் தொழிற்சாலையைச் சகோதரர்கள் இருவரும் பெரிதாக வளர்த்தனர். 1895ஆம் ஆண்டு 'சினிமாட்டோகிராப்' கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துக் குறும்படங்களைத் திரையிட்டனர். 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் ஓட்டலில் அவர்களது படங்கள் காட்டப்பட்டன. நம் நாட்டுக்குத் திரைப்படம் வந்தது அப்படித்தான்.

பாரிசில் காட்டிய பத்துப் படங்களில் ஒன்றில், அகுஸ்தும் அவருடைய மனைவியும் தோட்டத்தில் அமர்ந்து, தங்கள் கைக்குழந்தை ஆந்த்ரேவுக்கு உணவூட்டுகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாத படம் அது. இன்றும் அதைப் பார்ப்பவர்கள் புன்னகைக்கிறார்கள்.

திரைப்படம் புகழைத் தந்தாலும், அகுஸ்தின் மனம் மருத்துவ ஆராய்ச்சியின் பக்கமே சென்றது. அவர் முறைப்படி மருத்துவம் படித்தவர் அல்லர். வேதியியலில் தமக்கிருந்த பயிற்சியைக் கொண்டு மருந்துகளையும் நோய்களையும் ஆராய்ந்தார். 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. போர்முனையிலிருந்து காயமடைந்த வீரர்கள் லியோனுக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்நகரின் பழைமையான ஓத்தல் தியே மருத்துவமனையில் எக்ஸ்-ரே பிரிவின் பொறுப்பை அகுஸ்த் ஏற்றார். தீக்காயங்களும், குண்டுகளால் கிழிந்த காயங்களும், அவற்றில் ஒட்டிக்கொண்ட கட்டுகளும் நிறைந்திருந்த காலம் அது.

அந்தப் போர்க்காலத்தில் அவர் உருவாக்கியதுதான் 'துல் கிரா'. எண்ணெய்ப்பசை ஏறிய வலைத்துணி என்பது அதன் பொருள். புதுநன்மை வாங்கும் சிறுமியரின் முக்காட்டுக்கு நாம் வாங்கும் நெட் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற அகன்ற கண்களுள்ள துணியில் வாசலின் போன்ற மென்பாரஃபினையும், பெரு பால்சம் என்னும் மரப்பிசினையும் ஏற்றினார். பசையுள்ள இழை புண்ணில் எளிதில் ஒட்டாது. புண்ணில் ஊறும் நீர் வலையின் கண்கள் வழியே வெளியேறி, மேலே வைத்த பஞ்சில் சேரும். கட்டை மாற்றும்போது வலைத்துணி மெதுவாக உரிந்துவரும். வளர்ந்துவந்த சதை தன் இடத்திலேயே இருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் தீக்காயம்பட்ட விமானிகளுக்கு இங்கிலாந்தில் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, காயத்தைக் கடினமான ஓடுபோல் ஆக்கிவிடும் டானிக் அமிலத்தைக் கைவிடச் செய்தார். அதற்குப் பதிலாக உப்புநீர்க் குளியலையும் இந்த வலைத்துணியையும் பயன்படுத்தினார். பின்னாளில் இதே துணியில் குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினிகளும், ஃப்ராமைசிட்டின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் சேர்க்கப்பட்டன. இன்று மருந்துக்கடையில் சிறு உறையில் கிடைக்கும் 'டூல்' துணி அந்த வழியில் வந்ததே. சிலிகோன் பூசிய வலைகளும் இப்போது உண்டு.

இதற்கும் எல்லை உண்டு. நாள் கடந்து விட்டுவிட்டால் இந்தத் துணியும் காய்ந்துபோகும். சதை அதன் கண்களுக்குள் வளர்ந்துவிடும். ஒட்டியிருந்தால் இழுக்காமல், உப்புநீரால் நனைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டும். மருந்தேற்றிய துணி எல்லாப் புண்ணுக்கும் தேவையில்லை. சிலருக்கு அது ஒவ்வாமை தரும். நீரிழிவு உள்ளவர்களின் காலில் புண் வந்தால், எந்தத் துணி என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய கொடிய ஃப்ளூ காய்ச்சல், ஆந்த்ரேவின் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. எத்தனையோ பெற்றோரின் மக்களுடைய வலியைக் குறைத்த தந்தையால் தம் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் அவர் ஆராய்ச்சியை விட்டுவிடவில்லை. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் லியோனில் காலமானார்.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. காசநோய் தொற்றுவதைவிடப் பரம்பரையாலேயே அதிகம் வருகிறது என்று பிடிவாதமாக வாதிட்டுத் தவறினார். இரண்டாம் உலகப்போரின்போது, நாசிகளோடு ஒத்துழைத்த விஷி அரசை ஆதரித்தார். இந்தக் கறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர் தந்த அந்த வலைத்துணி, யார் எவர் என்று பாராமல் எல்லோர் புண்ணையும் மூடியது.

நல்ல சமாரியர் உவமையில், காயங்களுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டியதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கட்டுவதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். கட்டை அவிழ்க்கும் நேரமும் ஒன்று உண்டு. படுக்கையில் கிடக்கும் பெற்றோருக்குப் பணிவிடை செய்யும்போதும், துயருற்றவரின் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லும்போதும், கடன்பட்டவருக்குக் கைகொடுக்கும்போதும், நம் அவசரத்தாலோ ஒரு கடுஞ்சொல்லாலோ அவர்களின் ஆறிவரும் புண்ணைப் பிய்த்துவிடுகிறோமா? அடுத்தமுறை ஒருவரின் காயத்தைத் தொடுமுன், சற்று நின்று, நனைத்து, மெதுவாக எடுக்கப் பழகுவோம்.