தங்கத்தைக் கண்ட தச்சர்

கலிஃபோர்னியா கோல்டு ரஷ் பத்தி நாம எல்லாரும் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்போம். ஆனா அதை ஆரம்பிச்சு வச்ச ஆள் தங்கம் தேடியே போகலை. மரம் அறுக்கிற மில் கட்டப் போன ஒரு தச்சர் அவர். பேரு ஜேம்ஸ் மார்ஷல்.

1810-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். மிசௌரியில் விவசாயம் பார்த்தார். விடாத காய்ச்சல் அங்கிருந்து விரட்டியது. 1845-ல் கலிஃபோர்னியா வந்து நிலமும் மாடுகளும் வாங்கினார். மெக்சிகோ போருக்குப் போய்த் திரும்பினால் மாடுகளைக் காணோம்! கையில் மிச்சம் இருந்தது தொழில் மட்டும்தான். ஜான் சட்டர் என்ற பண்ணைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, கொலோமாவில் அமெரிக்கன் ஆற்றங்கரையில் மில் கட்ட ஆரம்பித்தார்.

மெக்கானிக்கல், சிவில் மக்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. சக்கரத்தைச் சுத்திவிட்டு தண்ணீர் வெளியேறுற கால்வாய் ஆழம் போதலை. தோண்டுறதுக்குப் பதிலா, ராத்திரியில் ஆத்துத் தண்ணியைத் திறந்துவிட்டு மண்ணை அரிக்க வச்சார். காலையில் போய்ப் பார்ப்பார். மணலோட அடர்த்தி சுமார் 2.65, தூய தங்கத்துக்கு 19.3. லேசான மண் அடிச்சுட்டுப் போக, கனமானது தங்கிடும். இன்னைக்கும் தட்டுல மண்ணை அள்ளி, தண்ணிக்குள்ள குலுக்கி, சாய்ச்சு அலசுற புதுசா ஆரம்பிக்கிறவங்க செய்றது இதேதான். ஆத்தோட உள்வளைவு, பாறை இடுக்குன்னு வேகம் குறையிற இடத்துலதான் தேடணும்கிறதும் இதனாலதான். மார்ஷல் தெரியாமலே ஒரு பெரிய சலிப்பு எந்திரத்தைக் கட்டிவச்சிருந்தார்.

1848 ஜனவரி 24. காலையில் அந்தக் கால்வாயில் ஏதோ மினுங்கியது. எடுத்து சுத்தியலால் அடித்தார். பைரைட்டா இருந்தா நொறுங்கியிருக்கும், இது தட்டையானது. சமையல் பார்த்த அம்மா சோப்புக்காரத்தில் போட்டு வேகவைத்துப் பார்த்தார், நிறம் மாறலை. சட்டரிடம் கொண்டுபோனபோது நைட்ரிக் அமிலம் ஊற்றினார்கள். பிறகு வெள்ளியோடு சம எடையில் தராசில் வைத்து, தட்டுகளைத் தண்ணீரில் இறக்கினார்கள். தங்கத் தட்டு தாழ்ந்தது. ஆர்க்கிமிடீஸ் பாஸ்!

அந்த நிலம் நிசெனான் பழங்குடிகளுடையது. அவர்களிடம் எழுதி வாங்கிய குத்தகையை அமெரிக்க ராணுவ ஆளுநர் ஏற்கலை. அதனால் மார்ஷலுக்கோ சட்டருக்கோ சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. சுமார் 3 லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். மில் வேலையாட்களும் தங்கம் அள்ளப் போனதால் மில் படுத்துவிட்டது. நிசெனான் மக்கள் இழந்ததோடு பார்த்தால் மில் போனதெல்லாம் ஒரு நஷ்டமே இல்லை. இதில் கொடுமை என்னன்னா, மார்ஷலுக்குத் தங்கம் இருக்கும் இடம் தெரியும்னு நம்பி, போகிற பக்கமெல்லாம் ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். நிலமும் போச்சு.

திராட்சைத் தோட்டம் போட்டார், அதுவும் நிலைக்கலை. அப்புறம்தான் நிஜமாகவே சுரங்கத்தில் பங்கு போட்டார், திவாலானார். கையெழுத்துப் போட்ட அட்டைகளை விற்றுக் காசு பார்த்த நாட்களும் உண்டு. 1872-ல் மாநில அரசு மாதம் 200 டாலர் உதவித்தொகை கொடுத்தது, பிறகு அதைப் பாதியாக்கியது, 1878-ல் நிறுத்தியே விட்டது.

1885 ஆகஸ்ட் 10-ல் கெல்சி என்ற ஊரில் ஒரு சின்னக் குடிசையில் இறந்தார். அஞ்சு வருஷம் கழிச்சு அவர் கல்லறை மேல் அரசு சிலை வைத்தது. சிலையோட கை, கீழே ஆற்றங்கரையில் அந்த மில் இருந்த இடத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது.